சிரிப்பு, காதல், வீட்டுக் கஷ்டம்: மூணும் ஒரே வரியில்

டீன் ஏஜ் நாவல் என்றாலே ஒரு ஃபார்முலா சொல்வார்கள்: கொஞ்சம் காமெடி, கொஞ்சம் காதல், கொஞ்சம் வீட்டுப் பிரச்சினை. நம்ம பழைய சினிமாவில் காமெடி டிராக் தனியா ஓடுமே, அந்த மாதிரி. ஆனால் நல்ல நாவல்களைப் பிரிச்சுப் பார்த்தால் தனித்தனி டிராக்கே கிடையாது. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, சூ டவுன்சென்ட் எழுதி 1982-ல் இங்கிலாந்தில் வெளியான ஏட்ரியன் மோல் டைரி. ஏட்ரியனுக்கு வயது பதின்மூன்றே முக்கால். தன்னைப் பெரிய அறிவுஜீவி என்று நினைத்துக்கொண்டு பி.பி.சி.க்குக் கவிதை அனுப்புகிறவன். பண்டோரா என்ற வகுப்புத் தோழி மேல் காதல் வேறு. அம்மாவும் பக்கத்து வீட்டு லூகாஸும் சமையலறையில் சிரித்துப் பேசுகிறார்கள். இவன் உள்ளே போனதும் சிரிப்பு நிற்கிறது. அதையும் டைரியில் எழுதுகிறான், அர்த்தம்தான் புரியவில்லை. நமக்குப் புரிகிறது. சிரிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. அம்மா லூகாஸோடு போய்விடுகிறாள், அப்பாவுக்கு வேலை போகிறது. அந்த 1982-ல் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். டவுன்சென்டும் கணவனைப் பிரிந்து, தனியாளாக மூன்று குழந்தைகளை வளர்த்தவர். பஞ்சம் அவருக்குக் கற்பனை இல்லை.

இரண்டாவது, அமெரிக்காவின் ஜென்னி ஹான் 2014-ல் எழுதிய 'டு ஆல் த பாய்ஸ் ஐ'வ் லவ்ட் பிஃபோர்'. நாயகி லாரா ஜீன், தனக்குப் பிடித்த பையன்களுக்கு ஐந்து கடிதம் எழுதி, அனுப்பாமல் ஒரு தொப்பிப் பெட்டியில் ஒளித்து வைக்கிறாள். தங்கை கிட்டி கோபத்தில் எல்லாவற்றையும் தபாலில் போட்டுவிடுகிறாள். மானம் போகிறது, காதலும் வருகிறது. அந்தப் பெட்டி? இறந்துபோன அம்மா வாங்கித் தந்தது. ஒரே பெட்டிக்குள் மூணும் இருக்கு.

ஒரே ஃபங்ஷன் மூணு வேலை பார்த்தால் கோட் ரிவ்யூவில் திட்டு விழும். கதையில் அதுதான் சரியான டிசைன். ஏன்னா பதின்வயதில் பிரச்சினைகள் வரிசையில் நின்று வருவதில்லை. அம்மா வீட்டை விட்டுப் போன வாரத்திலும் முகத்தில் பரு வரும், அதுவும் பெரிய கவலைதான். துக்கத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கும் புத்தகம் உபதேசமாகிவிடும். பருவையும் பிரிவையும் ஒரே பக்கத்தில் வைக்கும் புத்தகத்தில்தான், வீடு உடைந்த பிள்ளை தன்னைப் பார்த்துக்கொள்ள முடியும், சிரிக்கவும் முடியும்.