போனி கார், மஸில் கார்: எஞ்சினைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நீண்ட பானெட், இரண்டே கதவு, ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். பழைய அமெரிக்க கார் ஒன்றைப் படத்திலோ யூடியூபிலோ பார்த்ததும் நம்மில் பெரும்பாலோர் ‘மஸில் கார்’ என்று சொல்லிவிடுகிறோம். ஃபோர்டு மஸ்டாங், செவர்லே கமாரோ, பான்டியாக் ஜி.டி.ஓ., டாட்ஜ் சார்ஜர் எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். இவற்றில் முதல் இரண்டும் ஒரு குடும்பம், மற்ற இரண்டும் வேறு குடும்பம். மஸ்டாங்கும் கமாரோவும் போனி கார்கள். ஜி.டி.ஓ.வும் சார்ஜரும்தான் மஸில் கார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், சிறிய காரின் அடித்தளத்தில் ஸ்டைலான உடலைக் கட்டியது போனி கார். நடுத்தர அளவுக் குடும்பக் காருக்குள் பெரிய காரின் எஞ்சினை இறக்கியது மஸில் கார். ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே நாட்டில், ஒரே இளைஞர் கூட்டத்தை நம்பி வந்தவை இவை. ஆனால் இரண்டும் பிறந்த காரணம் வேறு.

மஸ்டாங் பிறந்த கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பிறந்த பெருந்தலைமுறை, அறுபதுகளின் தொடக்கத்தில் ஓட்டுநர் உரிமம் வாங்கும் வயதை எட்டியது. அப்பாவின் கார் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கையில் காசும் இல்லை. அப்போது ஃபோர்டு பிரிவின் பொது மேலாளராக இருந்த லீ அயகோக்கா இந்த இடைவெளியைக் கண்டுகொண்டார். பார்க்க ஸ்போர்ட்ஸ் கார் போல இருக்க வேண்டும், நான்கு பேர் உட்கார வேண்டும், விலை 2,500 டாலரைத் தாண்டக் கூடாது என்பதே கணக்கு.

அந்த விலையில் எல்லாவற்றையும் புதிதாக வடிவமைக்க முடியாது. அதனால் ஃபோர்டின் சிக்கனமான சிறிய கார் ஃபால்கனின் அடித்தளத்தையும் பல பாகங்களையும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் முற்றிலும் புதிய உடலைக் கட்டினார்கள். எஞ்சின் பகுதி நீளமாகவும் டிக்கி குட்டையாகவும் அமைந்த அந்த வடிவம்தான் பின்னர் போனி கார்களின் அடையாளமாக நிலைத்தது.

1964 ஏப்ரல் 17-ஆம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானது. தொடக்க விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே 22,000 ஆர்டர்கள் குவிந்தன. முதல் 12 மாதங்களில் நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. இரண்டு ஆண்டு முடிவதற்குள், 1966 மார்ச்சில், பத்து லட்சமாவது மஸ்டாங் தயாராகிவிட்டது.

இன்று மறந்துபோன ஒரு விவரம் உண்டு. அந்த 2,368 டாலருக்குக் கிடைத்த மஸ்டாங்கில் இருந்தது 2.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். அதன் திறன் 101 குதிரைத்திறன் மட்டுமே. தனித்தனி முன் இருக்கைகள், தரையில் கியர், கார்ப்பெட் ஆகியவை அடிப்படை விலையிலேயே வந்தன. அதற்கு மேல் வேண்டியதை வாங்குபவரே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். ஒரே துணியை ஆளாளுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பது போல, ஒரே காரைக் கல்லூரி மாணவிக்கும் வேகப் பிரியருக்கும் ஃபோர்டால் விற்க முடிந்தது. 4.7 லிட்டர் வி8 எஞ்சினை எடுத்துக்கொண்டு 271 குதிரைத்திறன் வரை போனவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தக் காரின் அடிப்படை வேகத்தில் இல்லை; தோற்றத்திலும் விலையிலும் இருந்தது.

மஸ்டாங்குக்கு 16 நாள் முன்பே, 1964 ஏப்ரல் 1 அன்று, பிளிமத் பாரகூடா சந்தைக்கு வந்துவிட்டது. அதுவும் வேலியன்ட் என்ற சிறிய காரின் அடித்தளத்தில் உருவானதுதான். பின்பக்கம் முழுவதையும் மூடும் பிரம்மாண்டமான கண்ணாடி அதன் சிறப்பு. ஆனால் முன்பக்கத்திலிருந்து பார்த்தால் அப்பட்டமாக வேலியன்ட் போலவே இருந்தது. மஸ்டாங்கைப் பார்த்தவர்களுக்கோ ஃபால்கன் நினைவுக்கே வரவில்லை. அதனால்தான் முந்தி வந்த பாரகூடாவை விட்டுவிட்டு, பிந்தி வந்த மஸ்டாங்கின் குதிரைச் சின்னத்தை ஒட்டியே இந்த வகைக்குப் போனி கார் என்ற பெயர் அமைந்தது.

போட்டியாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1967 மாடலாகச் செவர்லே கமாரோ, பான்டியாக் ஃபயர்பேர்ட், மெர்குரி கூகர் மூன்றும் வந்தன. 1968-இல் ஏ.எம்.சி. ஜாவலின், 1970-இல் டாட்ஜ் சேலஞ்சர் சேர்ந்தன. இந்தக் குடும்பத்தின் முக்கிய உறுப்பினர்கள் இவர்கள்தான்.

ஜி.டி.ஓ.வின் வழி வேறு

1963-இன் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை ஒரு முடிவெடுத்தது. தன் பிரிவுகள் எதுவும் கார் பந்தயங்களில் ஈடுபடக் கூடாது என்றது. அந்த நிறுவனத்தின் பான்டியாக் பிரிவுக்கு இது பெரிய அடி. பந்தய வெற்றிகளைக் காட்டியே இளைஞர்களை இழுத்துக்கொண்டிருந்த பிராண்ட் அது. பந்தயத் திடலில் காட்ட முடியாத வேகத்தைத் தெருவில் ஓடும் காரில் காட்டுவது என்று அதன் பொறியாளர்கள் தீர்மானித்தார்கள்.

தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன், பில் காலின்ஸ், ரஸ் கீ ஆகியோர் டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பான்டியாக்கின் வி8 எஞ்சின்கள் கொள்ளளவில் வேறுபட்டாலும் வெளி அளவில் ஒன்றே என்பதைக் காலின்ஸ் சுட்டிக்காட்டினார். டெம்பெஸ்ட்டில் இருந்த 5.3 லிட்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பான்டியாக்கின் பெரிய கார்களில் ஓடிய 6.4 லிட்டர் எஞ்சினை வைத்தால், அதே தாங்கிகளில் அப்படியே உட்காரும். புதிய அச்சோ புதிய சட்டகமோ தேவையில்லை. மஸில் கார் என்ற எண்ணத்தின் முழு சூத்திரமும் இந்த ஒரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

நடுத்தரக் காரில் 5.4 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸின் விதி ஒன்று இருந்தது. அதைத் தாண்ட ஜி.டி.ஓ.வைத் தனி மாடலாக அறிவிக்காமல், 1964 டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு 295 டாலர் கூடுதல் தொகுப்பாக விற்றார்கள். சாதாரண ஜி.டி.ஓ.வில் 325 குதிரைத்திறன், மூன்று கார்புரேட்டர் பொருத்தினால் 348. விற்பனைப் பிரிவு 5,000 கார் போதும் என்று நினைத்தது. முதல் ஆண்டில் 32,450 விற்றன.

அடிப்படை மஸ்டாங்கின் 101 எங்கே, அடிப்படை ஜி.டி.ஓ.வின் 325 எங்கே? அளவிலும் அதே இடைவெளி உண்டு. முதல் மஸ்டாங்கின் நீளம் சுமார் 4.6 மீட்டர், முதல் ஜி.டி.ஓ.வின் நீளம் சுமார் 5.15 மீட்டர். ஆறு சிலிண்டர் மஸ்டாங்கின் எடை 1,100 கிலோவை ஒட்டி இருந்தது, ஜி.டி.ஓ. 1,500 கிலோவைத் தாண்டியது. மஸில் காரின் உடல் குடும்பக் காருடையது, இதயம் மட்டும் மாற்றி வைத்தது.

இந்தத் தத்துவத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனது 1968-இல் வந்த பிளிமத் ரோட் ரன்னர். உள்ளே ஒரே நீள இருக்கை, தரையில் ரப்பர் விரிப்பு. கார்ப்பெட் கூட இல்லை. ஆனால் பானெட்டுக்குள் 335 குதிரைத்திறன் கொண்ட 6.3 லிட்டர் வி8 இருந்தது. விலையோ 2,900 டாலருக்கும் கீழ். ரோட் ரன்னர் என்ற கார்ட்டூன் பறவையின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். ஹாரனையும் அந்தப் பறவை கத்துவது போலவே அமைத்தார்கள். அலங்காரத்துக்குப் போக வேண்டிய பணம் எஞ்சினுக்குப் போனது. போனி காரின் கணக்கு இதற்கு நேர் எதிரானது.

வளைவும் நேர்கோடும்

பயன்படுத்திய இடத்திலும் வித்தியாசம் தெரிந்தது. மஸில் காரின் களம் கால் மைல் நேர்ப்பாதை. நின்ற நிலையிலிருந்து சுமார் 400 மீட்டரை யார் முதலில் கடக்கிறார் என்பதே போட்டி. திரும்புவதும் பிரேக் பிடிப்பதும் அங்கே இரண்டாம்பட்சம்.

போனி கார்களுக்கு வளைந்து நெளிந்த பந்தயத் தடங்களும் கைகொடுத்தன. 1966-இல் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடரில் எஞ்சின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது. சிறிய எஞ்சினைக் கொண்டு வளைவில் யார் கெட்டியாகப் பிடித்துச் செல்கிறார் என்பதே சவால். அந்தத் தொடருக்காகவே செவர்லே கமாரோ இசட்28-ஐயும், ஃபோர்டு மஸ்டாங் பாஸ் 302-ஐயும் உருவாக்கின. தயாரிப்பாளர் பட்டத்தை 1966, 1967, 1970-இல் மஸ்டாங்கும், 1968, 1969-இல் கமாரோவும், 1971-இல் ஜாவலினும் வென்றன. ஐந்து மீட்டருக்கு மேல் நீண்ட ரோட் ரன்னருக்கு அந்தக் களத்தில் இடமே இல்லை.

திரையிலும் இந்த மோதலைப் பார்க்கலாம். 1968-இல் வெளியான ‘புல்லிட்’ படத்தில் சான் பிரான்சிஸ்கோவின் செங்குத்தான தெருக்களில் சுமார் 11 நிமிடம் நீளும் துரத்தல் காட்சி உண்டு. ஸ்டீவ் மெக்குயின் ஓட்டுவது பச்சை மஸ்டாங் ஜி.டி.; வில்லன்கள் ஓட்டுவது கறுப்பு டாட்ஜ் சார்ஜர். சார்ஜரில் 7.2 லிட்டர் எஞ்சின், 375 குதிரைத்திறன். ஒரு போனி காரும் ஒரு மஸில் காரும் ஒரே சட்டகத்தில் ஓடுவதால், உடல் அளவில் உள்ள வேறுபாடு கண்ணெதிரே தெரியும். அந்தப் படத்துக்குச் சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது.

குழப்பம் எங்கிருந்து வந்தது?

அந்தக் காட்சியிலேயே குழப்பத்தின் விதையும் இருக்கிறது. மெக்குயினின் மஸ்டாங்கில் இருந்தது சிறிய எஞ்சின் இல்லை; 6.4 லிட்டர் வி8. அறுபதுகளின் இறுதியில் போனி கார்களுக்குள்ளும் மஸில் கார்களின் எஞ்சின்கள் புகுந்துவிட்டன. 1969-இல் 7 லிட்டர் அலுமினிய எஞ்சினுடன் கமாரோ இசட்எல்1 வந்தது. மொத்தம் 69 கார்கள்தான் தயாராயின. 1970-இல் பாரகூடாவுக்குள் 425 குதிரைத்திறன் கொண்ட ஹெமி எஞ்சின் இறங்கியது.

இவற்றில் 1969 மஸ்டாங் பாஸ் 429 நல்ல பாடம். 7 லிட்டர் எஞ்சின் அந்தச் சிறிய உடலுக்குள் அடங்கவில்லை. முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் பகுதிகளை மாற்றியமைத்து இடம் உண்டாக்கினார்கள். பானெட்டுக்குள் பேட்டரிக்கு இடமில்லாமல், அதை டிக்கிக்குக் கொண்டுபோனார்கள். ஜி.டி.ஓ.வில் எஞ்சின் தானாக உட்கார்ந்தது. மஸ்டாங்கிலோ உடலையே திருத்த வேண்டியிருந்தது. பிறப்பு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இப்படிப்பட்ட கார்களை ‘மஸில் எஞ்சின் ஏற்றிய போனி கார்’ என்று சொல்வதே பொருத்தம்.

நம் நாட்டில் குழப்பம் கூடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மஸ்டாங், 5 லிட்டர் வி8 எஞ்சினுடன் மட்டுமே கிடைத்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் மஸ்டாங்கும் விற்றது. அந்தச் சிக்கன முகத்தை நாம் பார்க்கவே இல்லை.

இரண்டும் சரிந்த விதம்

எழுபதுகளில் இரண்டு குடும்பங்களுமே அடிவாங்கின. காரின் எடைக்கு எஞ்சின் திறன் எவ்வளவு என்று பார்த்துக் காப்பீட்டு நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வசூலித்தன. இளைஞர்களால் கட்ட முடியவில்லை. 1970-இன் தூய காற்றுச் சட்டம் புகையைக் குறைக்கச் சொன்னது. 1971 முதல் எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைந்தது. 1972-இல் குதிரைத்திறனை அளக்கும் முறையும் மாறியது. 1971-இல் 365 என்று பட்டியலிட்ட செவர்லே செவலின் 7.4 லிட்டர் எஞ்சின், மறு ஆண்டு 270 ஆனது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது; பெட்ரோல் குடிக்கும் கார்களின் காலம் முடிந்தது.

ஜி.டி.ஓ., சேலஞ்சர், பாரகூடா, ஜாவலின் நான்கும் 1974-உடன் நின்றன. மஸ்டாங்கோ அதே ஆண்டு பின்டோ என்ற இன்னும் சிறிய காரின் அடித்தளத்துக்கு மாறி, வி8 இல்லாமலே விற்பனையைத் தொடர்ந்தது. பெரிய எஞ்சினை எடுத்துவிட்டால் மஸில் காரில் மிஞ்சுவது குடும்பக் கார். போனி காரிலோ தோற்றமும் விலையும் மிஞ்சின. அதனால்தான் மஸ்டாங் பிழைத்தது.

இந்த நூற்றாண்டில் சேலஞ்சரும் கமாரோவும் திரும்பி வந்தன. 2008-இல் வந்த புதிய சேலஞ்சர் பெரிய செடான் காரின் அடித்தளத்தைச் சுருக்கிக் கட்டியது. பெயர் போனி காருடையது என்றாலும் உடல்வாகில் மஸில் காருக்கே நெருக்கமானது. 2015 ஹெல்கேட்டில் 707 குதிரைத்திறன் வரை அது போனது. இரண்டு கார்களின் தயாரிப்பும் 2023 டிசம்பரில் முடிந்தது. 1964-இல் தொடங்கிய மஸ்டாங் இன்றுவரை இடைவெளியின்றித் தயாராகிறது.

அடுத்த முறை பழைய அமெரிக்க கார் ஒன்றைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எந்தக் காரின் அடித்தளத்தில் பிறந்தது? இதன் மிக மலிவான வடிவத்தில் என்ன எஞ்சின் இருந்தது? சிறிய காரின் அடித்தளம், சின்ன எஞ்சின் என்று பதில் வந்தால் அது போனி கார். நடுத்தரக் குடும்பக் காரின் உடல், அதில் பெரிய காரின் வி8 என்றால் மஸில் கார். இன்று நான்கு கதவு மின்சார செடான்களே ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டிவிட்டன. வேகத்தை மட்டும் வைத்து இந்தக் கார்களை அளந்தால் எதுவும் மிஞ்சாது. யாருக்காக, எந்த விலையில், எதிலிருந்து உருவானது என்பதை வைத்து அளந்தால் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடம் கிடைக்கும். அந்த அளவுகோலில் மஸ்டாங் என்றும் போனி கார், ஜி.டி.ஓ. என்றும் மஸில் கார்.