மரம் அறுக்கும் மெஷின்: ஒண்ணு போதுமா, மூணு வேணுமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் ஆசையாக ஒரு செயின் சா வாங்குகிறார். ஆறு மாதம் கழித்து, அதைவிடப் பெரிய மெஷின் ஒன்று புளியமரத்தை வாழைத்தண்டு மாதிரி நறுக்குவதை யூடியூபில் பார்க்கிறார். "அதையும் வாங்கிப் போட்டா என்ன?" என்று மனசு கேட்கிறது. பிறகு மரக்கிளைக்கு என்று ஒரு குட்டி மெஷின், பேட்டரியில் ஓடும் இன்னொன்று என்று பட்டியல் நீள்கிறது.

மரம் அறுக்கும் மெஷின் மீது பிரியம் உள்ளவர்களுக்கு உலகம் முழுக்க இதே கதைதான். ஆனால் உண்மையில் எத்தனை வேண்டும்? தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தை வைத்தே இதைப் பார்க்கலாம். தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஆதிச்சநல்லூர், ஈமத்தாழிகளோடு இரும்பு வாளும் ஈட்டியும் கிடைத்த ஊர். கருவி மேல் மனுஷனுக்கு இருக்கும் ஆசை அங்கே புதுசு இல்லை.

முதல் கேள்வி: அறுக்கப்போவது எந்த மரம்?

மெஷின் எண்ணிக்கையை முடிவு செய்வது ஆசையோ ஆஃபரோ இல்லை, நிலத்தில் நிற்கும் மரம்தான்.

ஆற்றுப் பாசனப் பகுதியில் வாழை அதிகம். வாழைக்கு மெஷினே வேண்டாம், அரிவாள் போதும். தென்னை, வேம்பு போன்ற மரங்களின் தண்டு பெரும்பாலும் நடுத்தர மெஷினுக்கு அடங்கிவிடும். பழைய புளியமரம் மட்டும்தான் தடிமனில் சவால் விடும். ஆனால் ஒரு தோட்டக்காரர் தன் வாழ்நாளில் எத்தனை புளியமரம் அறுக்கப் போகிறார்?

வறண்ட பகுதியில் கண்ணுக்கு எட்டிய வரை நிற்பது சீமைக் கருவேலம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இது அடியிலிருந்தே பல கிளையாகப் பிரிந்து வளரும், முள்ளும் அதிகம். தரையை ஒட்டி அறுக்கும்போது செயின் மண்ணில் பட்டு சீக்கிரம் மழுங்கும். அதைவிட முக்கியம், மேலே அறுத்துவிட்டால் மட்டும் இந்த மரம் சாகாது. அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். வேரோடு எடுக்க ஜேசிபி தேவை. ஆக, கருவேலங்காட்டை ஒழிக்க நினைப்பவருக்கு இன்னொரு பெரிய செயின் சா வாங்குவதைவிட, ஜேசிபி வாடகைக்குக் காசு ஒதுக்குவதே பலன் தரும்.

முதல் மெஷின் எப்படி இருக்கணும்?

செயின் சாவை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். 35 முதல் 40 சிசி வரை சின்னது: கிளை கழிக்க, விறகு அறுக்க. 45 முதல் 60 சிசி வரை நடுத்தரம்: தோட்ட வேலை எல்லாவற்றுக்கும். 70 சிசிக்கு மேல் பெரியது: தடித்த மரம் அறுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு.

ஒரே ஒரு மெஷின்தான் என்றால், 45 - 55 சிசியில் 18 இன்ச் பார் உள்ளது தோட்டக்காரருக்குப் பொருத்தம். பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீளமான தகடு. 18 இன்ச் பாரில் 18 இன்ச் மரம்தான் அறுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பழகிய கை இரண்டு பக்கமும் மாற்றி அறுத்தால், பாரைவிடத் தடிமனான மரத்தையும் அறுத்துவிடலாம்.

"58 சிசி, 22 இன்ச் பார்" என்று மலிவு விலையில் வரும் மெஷின்களைப் பார்த்து மயங்கக் கூடாது. சிசி எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த மெஷினுக்கு உதிரி பாகம் பக்கத்து ஊரில் கிடைக்குமா, ரிப்பேர் பார்க்க ஆள் உண்டா என்று கேட்பது முக்கியம். கார்புரேட்டருக்கு ஒரு சின்ன ரப்பர் கிடைக்காமல் மூலையில் கிடக்கும் மெஷின், எத்தனை சிசியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது எதுக்கு?

இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அறுத்துக்கொண்டிருக்கும்போது மரத்தின் எடை அழுத்தி, பார் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் பார் வளையும். அப்போது இன்னொரு மெஷினால் வேறு பக்கம் அறுத்து முதல் மெஷினை மீட்பார்கள். ஒன்று ரிப்பேருக்குப் போனாலும் வேலை நிற்காது.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: கையில் ஆப்பு இருக்கிறதா? அறுத்த வெட்டில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பையோ மர ஆப்பையோ செருகிவிட்டால் பெரும்பாலும் பார் மாட்டாது. ஆப்பை அசைத்த குரங்கு என்ன ஆனது என்று சின்ன வயதிலேயே கதை கேட்டவர்கள் நாம். சில நூறு ரூபாய் ஆப்பு செய்ய வேண்டிய வேலைக்கு, பல ஆயிரம் கொடுத்து இன்னொரு மெஷின் வாங்க வேண்டியதில்லை.

மாதத்தில் பல நாள் மரவேலை இருப்பவருக்கு இரண்டாவது மெஷின் தேவைதான். அப்படி வாங்கினால் 35 - 40 சிசியில் எடை குறைந்ததாக இருப்பது நல்லது. நாள் முழுக்கப் பிடிக்கும் கைக்கு ஒவ்வொரு கிலோவும் தெரியும். இரண்டு மெஷினுக்கும் ஒரே அளவு செயின் பொருந்துமா என்றும் பார்க்கணும். செயின் அளவு மாறினால் தீட்டும் அரமும் மாறும். ஒன்றுக்கு 4 மி.மீ. அரம், இன்னொன்றுக்கு 4.8 மி.மீ., மற்றொன்றுக்கு 5.2 மி.மீ. என்று டப்பா நிறைந்துவிடும்.

மூணாவது யாருக்கு?

மரத்தைப் பலகையாக அறுப்பவருக்குப் பெரிய மெஷின் வேண்டும். மரம் ஏறி, கயிறு கட்டி வேலை செய்யும் பயிற்சி பெற்ற தொழிலாளிக்கு, அதற்கென்றே மேலே கைப்பிடி வைத்த குட்டி மெஷின் உண்டு. மற்றவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. வீட்டுத் தோட்டத்தில் சத்தமில்லாமல் கிளை கழிக்க பேட்டரி மெஷின் வசதி. இந்த மூன்றிலும் சேராதவர் மூன்றாவது வாங்கினால், அது வேலைக்கு இல்லை, அலமாரிக்கு. ஆசைக்கு வாங்குவது தப்பில்லை. ஆனால் அதற்கும் பராமரிப்பு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

சும்மா கிடக்கும் மெஷினுக்கு என்ன ஆகும்?

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. செயின் சா டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றணும். பல மெஷின்களுக்கு 50:1 கணக்கு, அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டேங்கில் நாள்கணக்கில் கிடந்தால் தண்ணீர் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியலாம். கார்புரேட்டர் ரப்பரும் பெட்ரோல் டியூபும் கெட்டுப்போகலாம். பல நிறுவனங்களின் கையேடுகள் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன. அதனால் வாங்கும்போதே கையேட்டைப் படித்து, கடைக்காரரிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது. மாதக்கணக்கில் எடுக்காத மெஷினில் பெட்ரோலை வடித்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வைக்கணும்.

ஒரு மெஷினுக்கு இதைச் செய்வது எளிது. ஐந்துக்கு? பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

2023 வெள்ளம் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் சுற்றுவட்டாரம் தனித் தீவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றது. சாலை துண்டிப்பு, கரண்ட் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைத் தாக்கியபோது, விழுந்த தென்னையை அறுத்து அகற்றினால்தான் தெருவுக்கே வழி என்ற நிலை பல ஊர்களில் இருந்தது.

இப்படி ஒரு நாளில் வாசலில் மரம் விழுந்து கிடந்தால், ஆம்புலன்ஸ் வர வழி வேண்டும். அன்றைக்கு ஷெட்டில் எத்தனை மெஷின் இருக்கிறது என்பது கேள்வி இல்லை, எது உடனே ஸ்டார்ட் ஆகும் என்பதுதான் கேள்வி. கரண்ட் இல்லாத ஊரில் பேட்டரி மெஷின் ஒரு சார்ஜோடு நின்றுவிடும். கெட்டுப்போன பெட்ரோலோடு கிடக்கும் நான்கு மெஷினைவிட, தீட்டிய செயினோடு தயாராக இருக்கும் ஒன்று மேல். ஒரு எச்சரிக்கை: மின்கம்பி மேல் விழுந்த மரத்தை, மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததாக உறுதி சொல்லும் வரை யாரும் நெருங்கக் கூடாது.

அடுத்த மெஷினுக்கு முன் வாங்க வேண்டியது என்ன?

முழு வேகத்தில் செயின் நொடிக்கு சுமார் 20 மீட்டர் ஓடும். அதாவது மணிக்கு 72 கி.மீ. பாரின் நுனியின் மேல் பகுதி மரத்தில் இடித்தால், மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். செயின் பிரேக் வேலை செய்யாத மெஷினை எடுக்கவே கூடாது.

பல இடங்களில் கைலியைக் கட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு அறுப்பதைப் பார்க்கலாம். முகத்திரையும் காதுமூடியும் உள்ள ஹெல்மெட், செயின் பட்டால் நார் சிக்கி அதை நிறுத்தும் பிரத்யேகக் கால் உறை, கையுறை, பூட்ஸ். இந்த நான்கும் இல்லாதவர் அடுத்த மெஷினைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அடுத்ததாக இரண்டு ஸ்பேர் செயின், ஒரு அரம், இரண்டு ஆப்பு. அறுக்கும்போது சீவல் சீவலாக வந்தால் செயின் கூர்மை. மாவு மாதிரித் தூள் வந்தால் தீட்டும் நேரம் வந்தாச்சு. மெஷின் பழசாகிவிட்டது என்று நினைக்கும் பலருக்கு, உண்மையில் மழுங்கியது செயின்தான்.

வாடகையா, சொந்தமா?

ஒரு உதாரணக் கணக்கு. 24,000 ரூபாய் மெஷின் 8 வருடம் உழைத்தால் வருடத்துக்கு 3,000 ரூபாய். செயின், ஆயில், சர்வீஸ் இன்னொரு 3,000 என்று வைத்தால் மொத்தம் 6,000. மெஷினோடு ஆள் வர நாளுக்கு 1,500 ரூபாய் கூலி என்றால், வருடத்தில் நான்கு நாளுக்குக் குறைவாக வேலை இருப்பவருக்குச் சொந்த மெஷின் நஷ்டம். விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும், கணக்கு போடும் முறை மாறாது. இரண்டாவது மெஷினுக்கும் இதே கணக்கைத் தனியாகப் போடணும்.

எதை அறுக்கக் கூடாது?

மெஷின் சொந்தம் என்பதால் எல்லா மரமும் சொந்தம் ஆகிவிடாது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. பனையை நம்பியே பல குடும்பங்கள் வாழும் மாவட்டம் இது. சந்தன மரத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும். சாலையோரம், கண்மாய்க் கரை, புறம்போக்கில் நிற்பவை அரசு மரங்கள். ஆதிச்சநல்லூர் பரம்பு, மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே விறகுக்குக்கூட மெஷினை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

சரி, எத்தனைதான் வேணும்?

வருடத்துக்கு ஓரிரு நாள் வேலை என்றால் பூஜ்யம், வாடகை போதும். தோட்டம் உள்ளவருக்கு ஒன்று. மாதத்தில் பல நாள் மரவேலை என்றால் இரண்டு. தொழிலாகச் செய்பவருக்கு மூன்று. அதற்கு மேல் ஆசைக்கு வாங்குபவர் ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: மாதம் ஒருமுறை எடுத்து ஸ்டார்ட் செய்து, செயினைத் தீட்டி, துடைத்து வைக்க எத்தனை மெஷினுக்கு நேரம் இருக்கிறதோ, அத்தனை போதும்.