கல்யாண மண்டபத்துக்குள் வாழைத் தோப்பு! லைட்டு சூடு பட்டால் ஆபத்து

கண்டமங்கலம்:-

முகூர்த்த நாளில் விழுப்புரம்-புதுச்சேரி ரோட்டில் பஸ்சில் போகிறவர்களுக்கு, கண்டமங்கலம் பக்கம் இந்தக் காட்சி தப்பாது. குலை தள்ளிய வாழை மரங்கள் மினி லாரியில் படுத்தபடி மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

முன்பெல்லாம் வாசலில் 2 வாழை, மாவிலைத் தோரணம். அதோடு சரி. இப்போது மண்டபத்துக்கு உள்ளேயே தோப்பு! மணமேடைக்குப் பின்னால் தென்னங்குருத்துப் பின்னல். தூணுக்குத் தூண் பாக்குக் குலை, இளநீர்க் குலை, ஈச்சங்குலை. பின்னால் வெள்ளைத் துணி. வேறு கலர் கலக்காமல் விட்டால் ஜோர்தான். ஆசைப்பட்டு ஜிகினாவைச் சேர்த்தால் திருவிழாக் கடை மாதிரி ஆகிவிடும்!

1-1-2019 முதல் தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கப், கொடி எல்லாம் தமிழ்நாட்டில் தடை. பிளாஸ்டிக் பூ மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை; தப்பித்துக்கொண்டது.

ஈரச் சாக்கு

குருத்தை வெட்டியதும் ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். பின்னல் வேலை முதல் நாள் ராத்திரிதான். மாவிலை தாக்குப் பிடிக்கும். மல்லிகை தாங்காது, அதைக் கடைசியில் கட்ட வேண்டும். ஏ.சி. காற்று நேராக அடித்தால் வாழை இலை ஓரம் சுருண்டுவிடும்.

ஓலை காய்ந்தால்தான் வினை.

மணமகன் பலி

23-1-2004 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் கீற்றுப் பந்தல். வீடியோ லைட்டுக்குப் போன வயரில் இருந்து தெறித்த பொறி கீற்றைப் பிடித்தது. குறுகலான படிக்கட்டில் இறங்க முடியாமல் ஜனங்கள் சிக்கினார்கள். மணமகன் உள்பட 50-க்கும் மேற்பட்டோர் பலி! தாலி கட்ட வந்தவர் பிணமானார்.

விழுப்புரத்திலேயே 2021 ஆகஸ்டில் இன்னொரு கொடுமை. கல்யாணத்துக்கு வரும் அமைச்சரை வரவேற்க கொடிக்கம்பம் நட்ட 13 வயதுச் சிறுவன் மின்சாரம் தாக்கி இறந்தான். கம்பம் மேலே போன மின்கம்பியில் பட்டுவிட்டது.

வாழைத் தண்டு பூராவும் தண்ணீர். ஒட்டுப்போட்ட வயரை அதன் மேல் சுற்றி சீரியல் பல்பு தொங்கவிடுவது எமனுக்கு பத்திரிகை வைப்பது போல. லைட்டுக்கும் ஓலைக்கும் நடுவே கையெட்டாத தூரம் வேண்டும். வெளியே போகும் வழியை வாழை வைத்து அடைக்கக் கூடாது. மண்டபத்தில் அட்வான்ஸ் கொடுக்கும்போதே இன்னொரு வாசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. சமையல்கட்டுக்குப் போகும் கதவைக் காட்டுவார்கள். அது பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பார்க்க வேண்டும்!

பந்தி முடிந்ததும் வாழைத்தண்டு பொரியலுக்கு, நார் பூக்கட்ட, மிச்சம் மாட்டுக்கு.