அவசரப்படாதே, பேட்மேன்!

சூப்பர் ஹீரோ வீடியோ கேம் என்றாலே எனக்கு அலர்ஜி. பட்டனைத் தட்டு தட்டுன்னு தட்டணும். வீங்குவது நம்ம விரல்தான். 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' அந்த ரகமில்லை ஸார்!

லண்டனின் ராக்ஸ்டெடி நிறுவனம் 2009 ஆகஸ்டில் இதற்கு இலவச டெமோ விட்டது. கொஞ்ச நேர ஆட்டம்தான். அதற்குள் மூணு சங்கதி பிடிபட்டது.

ஒன்று, சண்டை. அடிக்க ஒரு பட்டன், தடுக்க ஒரு பட்டன். எதிரியின் தலைக்கு மேலே கோடு மின்னினால் தடுக்கணும். மிருதங்கம் மாதிரி, தாளம் தப்பாமல் இருந்தால் போதும்.

இரண்டு, 'டிடெக்டிவ் மோட்'. சுவருக்கு அந்தப் பக்கம் எலும்புக்கூடுகள் நடமாடும்! துப்பாக்கி வைத்திருப்பவன் எவன் என்று நிறமே காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவதில்தான் நான் காலி. ஸாஸ் என்ற கொலைகாரன், ஒரு காவலாளியை மின்சார நாற்காலியில் கட்டிப் போட்டிருக்கிறான். நேரே ஓடினீர்களோ, காவலாளி அவுட்! இருட்டில் மேலே ஏறி, முதுகுப் பக்கமாக வந்து பாயணும். உள்ளங்கை வியர்த்துவிட்டது எனக்கு.

கையில் பலம் இருந்தும் பொறுமையாகக் காத்திருப்பவன்தான் ஹீரோ என்கிறது இந்த டெமோ. லீவு லெட்டரோடு மானேஜர் ரூம் வாசலில் நிற்கும் நமக்குத் தெரியாத வித்தையா இது!