கோதின் கழுத்து

1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. கொட்டியாரக் குடாவுக்கு இந்தப் பக்கம் மூதூர், அந்தப் பக்கம் சீனக்குடா. அங்கிருந்து எதிர்த்து எழுந்த பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்களின் இறக்கைகளில் 0.303 அங்குல ரவைகளைச் சுடும் பிரவுணிங் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. ஒரு துப்பாக்கி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,150 ரவைகள் சுடும். நொடிக்கு 19.

அந்த ரவை படும் பாட்டைப் பாருங்கள். துப்பாக்கி அதன் அடிவிளிம்பைப் பற்றிப் பட்டியிலிருந்து பின்னோக்கி உருவுகிறது. உடனே முன்னோக்கி அறைக்குள் அடித்துத் தள்ளுகிறது. இவ்வளவு உலுக்கலிலும், பித்தளைக் கோதின் வாயில் செருகியிருக்கும் சன்னம் இடம் மாறக் கூடாது. உள்ளே அமிழ்ந்தால், மருந்து எரியும் இடம் சுருங்கி அழுத்தம் ஏறும். வெளியே நீண்டு குழலின் சுருள்வரிகளில் முட்டிக்கொண்டாலும் அழுத்தம் ஏறும். ஓட்டம் பிடிக்கும் முன்பே வரிகளுக்குள் நெருக்கி நுழைய வேண்டியிருப்பதால் சன்னம் தாமதிக்கிறது. அதற்குள் பின்னால் வாயு திரண்டுவிடுகிறது.

சன்னத்தைப் பிடித்திருப்பது பசையல்ல. கோதின் கழுத்து அதைவிடச் சற்றே ஒடுங்கியது. வித்தியாசம் ஒரு தலைமயிரின் தடிப்பளவுதான். அழுத்திச் செருகும்போது விரியும் கழுத்து, பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது. அதுதான் பிடி. படைத்துறை ரவைகளில் விளிம்பையும் நெரித்துவிடுவார்கள். ஆக, களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்காகச் சும்மா கிடக்கும் ரவையிலும் கழுத்து ஓய்வதில்லை. அந்த உலோகம் எப்போதும் இழுபட்டபடியே இருக்கிறது.

பிரித்தானிய இந்தியாவில் இந்த இழுவிசை ஒரு புதிரை உண்டாக்கியது. மழைக்காலத்தில் படை நடவடிக்கைகள் குறையும். ரவைகளைக் குதிரை லாயங்களில் வைத்துவிடுவார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத கோதுகள் பிளந்து கிடந்தன, அதிலும் குறிப்பாகச் சன்னத்தைக் கவ்வும் இடத்தில். 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா ஈரக் காற்றோடு சேர்ந்து பித்தளையின் செம்பை அரித்திருக்கிறது. அரித்த இடத்தில் உள்ளிருந்த இழுவிசை கீறலைத் திறந்திருக்கிறது. லாயத்து நாற்றமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விசையும் சேர்ந்து உலோகத்தைப் பிளக்கும் என்பது எத்தனை முறை படித்தாலும் என்னை வியக்க வைக்கிறது.

பரிகாரம் எளியது. சன்னத்தைச் செருகும் முன்பே கழுத்தை அளவாகச் சூடாக்கினால், கோதை உருவாக்கியபோது உலோகத்தில் தங்கிய இழுவிசை தளர்ந்துவிடும். இன்றும் பல படைத்துறைக் கோதுகளின் கழுத்தில் அந்தச் சூட்டின் நீலம் பாய்ந்த தடத்தைக் காணலாம்.

சுட்ட கோதையே மறுபடி நிரப்பிப் போட்டிகளில் சுடும் நாடுகளிலும் இதே கழுத்துத்தான் தொல்லை. சுடச் சுட விரிந்தும் ஒடுங்கியும் பித்தளை இறுகிப்போகிறது. பிடி ஒன்றில் தளர்வாகவும் மற்றதில் இறுக்கமாகவும் அமைகிறது. வாயின் உள்விளிம்பில் பிசிர் இருந்தால் அது சன்னத்தின் உறையைச் சீவிவிடும். சன்னம் செருகிய ஆழத்தை அதன் நுனியிலிருந்து அளப்பவர் ஏமாறுவார். நுனிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. வளைவு தடித்துச் சுருள்வரியைத் தொடும் இடத்திலிருந்து அளந்தால்தான் கணக்குச் சரிவரும்.

நம் திருகோணமலை மாவட்டத்தில் போர் நடந்த நிலங்களில் பழைய ரவை கண்ணில் படலாம். பச்சை பூத்த அதன் கழுத்து பிளந்திருக்கக்கூடும்; ஆனால் அடியிலுள்ள எரியூட்டி உயிரோடிருக்கலாம். அதைத் தட்டாதீர்கள், சன்னத்தைக் கழற்றப் பார்க்காதீர்கள், குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு, இடத்தை அடையாளம் வைத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.