மேல்முனைக்குச் சற்று முன்

பெட்ரோல் இன்ஜினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை அதன் தலைக்கு மேல் நசுங்கிக்கொண்டிருக்கிறது. பிஸ்டன் உச்சியைத் தொடும் கணத்தில் ஸ்பார்க் பிளக்கில் பொறி பறந்து, கலவை வெடித்து, பிஸ்டனைக் கீழே தள்ளும் என்றுதான் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். உண்மையில் பொறி அதற்கு முன்பே பறந்துவிடுகிறது. ஏறி வரும் பிஸ்டனுக்கு எதிராகவே நெருப்பு மூட்டப்படுகிறது. கேட்பதற்கு அபத்தமாக இருக்கிறதல்லவா? ஆனால் பொறி அப்படி முந்தாவிட்டால் வண்டி இழுக்காது. எவ்வளவு முந்த வேண்டும் என்ற கணக்கைத்தான் மெக்கானிக்குகள் ‘டைமிங்’ என்கிறார்கள்.

காரணம் எளிது. சிலிண்டருக்குள் நடப்பது வெடிப்பே அல்ல, எரிதல். பிளக்கின் முனையில் பிறக்கும் கடுகளவு தீக்கரு விரிந்து, கலவையை அடுக்கடுக்காகத் தின்றுகொண்டே மறு ஓரம் வரை போயாக வேண்டும். அம்பாசடர் காரை நெடுங்காலம் ஓட்டிய 1,489 சிசி இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் சுமார் 73 மில்லிமீட்டர். இந்தச் சின்னத் தூரத்தைக் கடக்கத் தீக்குச் சில மில்லி நொடிகள் ஆகின்றன. மில்லி நொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பிஸ்டன் எங்கேயோ போய்விடும்.

தீ மூட்டியதும் உள்ளே அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் உச்சத்தைத் தொடும். அந்த உச்சம் எப்போது வந்தால் நல்லது? சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். பெடல் செங்குத்தாக உச்சியில் நிற்கும்போது உடல் எடை முழுவதையும் போட்டு மிதித்தாலும் சக்கரம் அசையாது. பெடல் உச்சி தாண்டிச் சற்று முன்னே சாய்ந்ததும் மிதித்தால்தான் பலன். பிஸ்டனின் கீழே உள்ள கிராங்க் தண்டும் ஒரு பெடல்தான். பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையை மேல்முனை என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாண்டி ஏறத்தாழ 15 டிகிரி திரும்பும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் முழு இழுவையும் கிடைக்கும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் தீ வைக்கும் நேரத்தைக் குறிக்கிறோம்.

கணக்கு இங்கேதான் சுவாரசியமாகிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் இன்ஜின் மெல்ல உறுமிக்கொண்டு நிற்கும்போது கிராங்க் 10 டிகிரி திரும்ப 2 மில்லி நொடி ஆகிறது. 4,000 சுற்றில் அதே 2 மில்லி நொடிக்குள் 48 டிகிரி திரும்பிவிடும். தீயின் வேகம் மாறாது என்றால், பொறியை அபாயகரமாக முன்னே தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கும். இயற்கை இங்கே நமக்கு ஒரு கை கொடுக்கிறது. அசையாமல் நிற்கும் கலவையில் தீ நாம் நடக்கும் வேகத்தில்கூட எரிந்து முன்னேறாது. வால்வு வழியே பாய்ந்து வரும் கலவையோ சுழித்துக் கலங்குகிறது. அந்தச் சுழிப்பு தீயின் முகத்தைக் கசக்கிச் சுருக்கி, எரியும் பரப்பைப் பெருக்கிவிடுகிறது. இன்ஜின் வேகமாகச் சுற்றச் சுற்றச் சுழிப்பும் கூடுகிறது, தீயும் வேகமெடுக்கிறது. இந்த ஒத்துழைப்பு இல்லையென்றால் வேகமாகச் சுற்றும் பெட்ரோல் இன்ஜின் என்ற ஒன்றே இருந்திருக்காது. அதனால்தான் முழு வேகத்திலும் பெரும்பாலான பழைய இன்ஜின்களுக்கு 30, 35 டிகிரி முந்தினாலே போதுமானதாக இருக்கிறது. இப்படி முந்தும் கோணத்தை முன்கோணம் என்போம். பட்டறையில் அதற்குப் பெயர் ‘அட்வான்ஸ்’.

ஆரம்ப காலத்தில் இந்த முன்கோணத்தை ஓட்டுநரே கையால் மாற்றினார். 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டீயரிங்கின் இடப்பக்கம் அதற்கென்றே ஒரு நெம்புகோல் இருந்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றும் முன் பொறியைப் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். மறந்தால், மேல்முனைக்கு முன்பே எரியும் கலவை பிஸ்டனைத் திருப்பி உதைக்கும். ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். இன்ஜின் ஓடத் தொடங்கியபின், காதால் கேட்டு, கையால் முன்னே தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

ஓட்டுநரின் அந்தக் கையை ஓய்வெடுக்க வைத்தது டிஸ்ட்ரிபியூட்டர். பழைய அம்பாசடரின் பானெட்டைத் தூக்கினால், கறுப்பு மூடியிலிருந்து நான்கு தடித்த வயர்கள் பிளக்குகளுக்கும் ஒன்று காயிலுக்கும் போவது தெரியும். அந்த மூடிக்குக் கீழே இருப்பது மின்னணுவியல் ஒரு துளியும் இல்லாத கணிப்பொறி. அப்படிச் சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

அதன் அடிப்படைச் சுற்று அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் கொடுத்தது. 1910ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலில் சில நூறு சுற்றுக் கம்பியின் வழியே ஓடி ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. மூடிக்குள் ‘பாயின்ட்’ என்ற சிறு இரட்டை முனை இருக்கிறது. சுழலும் தண்டின் மேடு வந்து இடித்ததும் அது திறக்கிறது, மின்சாரம் அறுபடுகிறது, காந்தப்புலம் சடாரெனக் குலைகிறது. அந்தக் குலைவு, அதே காயிலில் பல்லாயிரம் சுற்றாகச் சுற்றிய மெல்லிய கம்பியில் சுமார் 20,000 வோல்ட்டை எழுப்புகிறது. நம் வீட்டுச் சுவரில் இருப்பது வெறும் 230. பாயின்ட் மூடும்போது பொறி வருவதில்லை, திறக்கும்போதுதான் வருகிறது. டைமிங் பார்ப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்.

பாயின்ட்டின் பக்கத்தில் சுண்டுவிரல் நுனியளவு ‘கன்டென்சர்’ ஒன்று இருக்கும். அது இல்லாவிட்டால், திறக்கும் பாயின்ட்டுக்கு நடுவிலேயே மின்சாரம் தாவி எரிந்து, புலம் மந்தமாகக் குலைந்து, பிளக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. கன்டென்சர் அந்த மின்சாரத்தை ஒரு கணம் உள்வாங்கி, வெட்டைச் சுத்தமாக்குகிறது. இத்தனையும் எவ்வளவு முறை நடக்கிறது என்று பாருங்கள். சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 460 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று என்று வைத்தால், போய்ச் சேர்வதற்குள் பாயின்ட் 22 லட்சம் முறை திறந்து மூடியிருக்கும்.

இனி அந்தக் கணிப்பொறிக்கு வருவோம். பாயின்ட் பொருத்திய தட்டுக்கு அடியில், சுழலும் தண்டோடு சேர்ந்து சுழலும் இரண்டு சிறு இரும்பு எடைகள் உண்டு. வேகம் கூடக்கூட அவை வெளிப்பக்கம் விரிகின்றன, ஸ்பிரிங்குகள் அவற்றை உள்ளே இழுக்கின்றன. விரியும் எடைகள் மேடுள்ள தண்டைச் சற்றே முன்னே திருப்பிவிடுகின்றன, பொறி முந்துகிறது. ஸ்பிரிங் இரண்டும் பெரும்பாலும் ஒரே வலுவில் இருக்காது. மெல்லியது முதலில் விட்டுக்கொடுக்கும், தடித்தது பிறகுதான் பிடிக்கும். அதனால் முன்கோணம் முதலில் விறுவிறுவென ஏறி, அப்புறம் நிதானமாக ஏறுகிறது. சுழிப்பு கூடும்போது தீ வேகமெடுப்பதைச் சொன்னேனே, அந்த வளைகோட்டை இரண்டு ஸ்பிரிங்குகள் வரைந்துவிடுகின்றன!

வேகம் மட்டும் போதாது. சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது சிலிண்டருக்குள் வரும் கலவை குறைவு, பழைய புகையின் மிச்சம் அதிகம். தீ சோம்பலாக எரியும், ஆகவே பொறி இன்னும் முந்த வேண்டும். இதை அறியும் வழி வியக்கத்தக்கது. கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள தட்டையான டப்பிக்கு வருகிறது. லேசாக மிதிக்கும்போது இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம் வலுவாக இருக்கும். அது டப்பிக்குள் இருக்கும் சவ்வை இழுக்க, சவ்வு பாயின்ட் தட்டை இழுக்க, பொறி முந்துகிறது. மேட்டில் அழுத்தி மிதித்தால் வெற்றிடம் தளர்ந்து, தட்டு தானே பின்வாங்குகிறது.

இத்தனை நுட்பமும் தேய்மானத்துக்குக் கட்டுப்பட்டது. பொறி தாமதமானால் வண்டி மந்தமாகும், சூடேறும், பெட்ரோல் குடிக்கும். எரிந்து முடியாத வாயு வெளியேறும் குழாயைச் சுட்டெரிக்கும். பொறி அதிகம் முந்தினால் வேறு ஆபத்து. அழுத்தம் வரம்பு மீறி ஏற, தீ இன்னும் எட்டாத மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்கிறது. அதன் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களில் நொடிக்குப் பல ஆயிரம் தடவை மோதித் திரும்புகிறது. டாப் கியரில் மேடேறும்போது கேட்கும் அந்தக் ‘கிணிகிணி’ ஒலிதான் ‘நாக்கிங்’. தொடர்ந்து விட்டால் பிஸ்டனே ஓட்டையாகும்.

வீட்டு வாசலில் நிறுத்திய பழைய காரில் இதைச் சரிபார்க்கப் பெரிய பட்டறை தேவையில்லை. முதலில் பாயின்ட் இடைவெளி. பல லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு அது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து அளக்கலாம். இதை முதலில் செய்தே ஆக வேண்டும். தண்டை உரசும் குதிகால் தேயத்தேய இடைவெளி சுருங்கி, பாயின்ட் தாமதமாகத் திறக்கும். டைமிங்கை வைத்துவிட்டுப் பிறகு இடைவெளியைத் தொட்டால் வைத்த டைமிங் வீண்.

அடுத்து, முதல் சிலிண்டரின் மேல்முனையைக் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு வீச்சு இன்ஜினில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும், அதில் ஒன்றுதான் தீ வைக்கும் முறை. பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, ஹேண்டிலால் மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு புஸ்ஸென்று வெளியேறினால் அதுதான் சரியான ஏற்றம். பெல்ட் ஓடும் புல்லியில் ஒரு வெட்டு, அருகே இன்ஜினின் முன்மூடியில் சில கூர்முனைகள் இருக்கும். வெட்டு எந்த முனைக்கு எதிரே நிற்கிறது என்று பார்த்தால் மேல்முனைக்கு எத்தனை டிகிரி முன் என்பது தெரிந்துவிடும். கையேடு சொல்லும் டிகிரியில் நிறுத்தி, 12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரின் சிறு வயர் முனையிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடி போல்ட்டைத் தளர்த்தி உடலைத் திருப்பினால், பாயின்ட் திறக்கும் அந்தக் கணம் பல்பு எரியும். பொறி பறக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். உள்ளே தண்டு சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும்.

ஓடும் இன்ஜினில் பார்ப்பதற்கு ‘டைமிங் லைட்’. அதன் கிளிப்பை முதல் பிளக்கின் வயரில் மாட்டினால், ஒவ்வொரு பொறிக்கும் ஒரு முறை மின்னும். 800 சுற்றில் நொடிக்கு ஏழு மின்னல். புல்லி ஒரு டிகிரி திரும்புவதற்குள் மின்னல் அணைந்துவிடும். ஆகவே, இரண்டு மின்னலுக்கு நடுவே முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றிவரும் புல்லி, கண்ணுக்கு உறைந்து நிற்பதுபோலத் தெரியும். வெள்ளைப் பெயின்ட் பூசிய வெட்டு அசையாமல் கூர்முனைக்கு நேராக நிற்பதை முதல்முறை பார்ப்பவர் யாரும் மறக்கமாட்டார். அதே மின்னலில் ஃபேனும் நின்றதுபோலவோ மெல்லச் சுழல்வதுபோலவோ தோன்றும். அதை நம்பிக் கையை நீட்டக் கூடாது, துப்பட்டா, தொங்கும் சட்டை எதுவும் ஆகாது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது, புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த விளக்கு நோய்களைக் காட்டிக்கொடுக்கும் விதம். வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வெட்டு ஓரிடத்தில் நில்லாமல் துடித்தால், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்து ஆடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தினால் வெட்டு சீராக விலகிப்போய், விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அப்படியே நின்றால் எடைகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. சவ்வைச் சோதிப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். இன்ஜினை அணைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துக்கொள்ளுங்கள். பாயின்ட் தட்டு நகர்ந்து அங்கேயே நின்றால் சவ்வு நலம். மெல்லப் பழைய இடத்துக்கு வந்தால் கிழிந்திருக்கிறது.

கடைசி நுணுக்கம் லூக்காஸ் 25டி4 வகை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள சொரசொரப்பான சிறு திருகு. இந்தியக் கார்களுக்கும் லூக்காஸ் வழி நுட்பத்தில் இப்படிப்பட்ட கருவிகள் வந்தன. 1961இல் தொடங்கப்பட்ட லூக்காஸ் டிவிஎஸ், சென்னை பாடியில் அவற்றைச் செய்தது. அம்பாசடர் இன்ஜினின் நெருங்கிய உறவான பிரிட்டனின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் இந்தத் திருகை 11 சொடுக்கு திருப்பினால் டைமிங் 1 டிகிரி மாறும். 800 சுற்றில் ஒரு சொடுக்கு என்பது ஒரு நொடியை 50,000 துண்டாக்கி அதில் ஒன்றை எடுப்பதற்குச் சமம். அதை விரல் நுனியில், எந்த மின்னணுச் சில்லும் இல்லாமல், ஒரு மரையும் ஸ்பிரிங்கும் தருகின்றன.

கையேட்டின் எண் அந்தக் காலப் பெட்ரோலுக்கு எழுதப்பட்டது. பங்க்குகளில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றுபோனது, இன்று எத்தனால் கலந்து வருகிறது. எனவே தீர்ப்பைச் சாலைதான் சொல்ல வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடானதும், டாப் கியரில் ஒரு மேம்பாலத்தில் ஏறி அழுத்தி மிதியுங்கள். கிணிகிணி கேட்டால் திருகை, பொறி பிந்தும் திசையைக் குறிக்கும் ‘ஆர்’ எழுத்தின் பக்கம் சில சொடுக்குகள் திருப்பிவிட்டு மறுபடி ஏறுங்கள். ஒலி அடங்கி, இழுவை குறையாமல் இருக்கும் இடம் கிடைத்ததும் பிடி போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் பிளாக்குக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை கழற்றினாலும் மாட்டவேண்டிய இடம் தெரியும்.