வெளிச்சத்துக்கு வழிவிடும் சுவர்!

பாரிஸ் நகரில் ஒரு பழைய மாடி வீடு இருந்தது. அது ஒரு டாக்டர் குடும்பத்தின் கைக்கு வந்தது. பழைய வீட்டை இடித்துவிட்டு, அந்த இடத்தில் புது வீடு கட்ட வேண்டும் என்பது டாக்டரின் ஆசை.

ஆனால் மேல் மாடியில் ஒரு மூதாட்டி குடியிருந்தார். வீட்டைக் காலி செய்ய முடியாது என்று அவர் கண்டிப்பாக மறுத்துவிட்டார்.

என்ன செய்தார்கள் தெரியுமா? மேல் மாடியை அந்தரத்தில் நிறுத்தினார்கள்! இரும்புத் தூண்களை முட்டுக் கொடுத்து, மூதாட்டியின் வீட்டை அப்படியே தாங்கிப் பிடித்தார்கள். அதற்குக் கீழே இருந்த பகுதியை மட்டும் இடித்து எடுத்தார்கள். காலியான இடத்தில் மூன்று அடுக்குப் புது வீட்டைச் செருகினார்கள். மேலே மூதாட்டி, கீழே கொத்தனார்கள்!

இந்த வேலை 1928-ல் தொடங்கி 1932-ல் முடிந்தது. டாக்டரின் பெயர் ழான் தல்சாஸ். பெண்களுக்கு வைத்தியம் செய்தவர். வீட்டைக் கட்டியவர் பியர் ஷரோ. மேஜை, நாற்காலிகளை அழகாக அமைப்பதில் பேர் வாங்கியவர் அவர். ஹாலந்து நாட்டுக் கட்டிடக் கலைஞர் பெர்னார்ட் பைவூட் அவருக்குத் துணையாக இருந்தார்.

வெளிச்சம் எப்படி வரும்?

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது இருட்டு இடம். தலைக்கு மேலே அடுத்தவர் வீடு. சுற்றிலும் உயரமான கட்டிடங்கள். முன்னால் ஒரு முற்றம். பெரிய ஜன்னல் வைத்தால் வெளிச்சம் வரும். அதோடு முற்றத்தில் நிற்பவர்களின் பார்வையும் உள்ளே வரும். கீழ்த்தளத்திலோ டாக்டரின் வைத்திய சாலை. வைத்தியத்துக்கு வரும் பெண்கள் கூச்சப்பட மாட்டார்களா?

ஷரோ முன் பக்கச் சுவர் முழுவதையும் கண்ணாடிக் கற்களால் கட்டிவிட்டார்! ஒவ்வொரு கல்லும் சுமார் 8 அங்குலச் சதுரம். ஒன்றரை அங்குலக் கனம். வெளிச்சம் தாராளமாக உள்ளே வரும். ஆனால் உள்ளே இருப்பவரின் முகம் வெளியே தெரியாது. இரவில் வெளியே இருந்து விளக்கு அடித்தார்கள். சுவரே விளக்காகி அறைக்குள் வெளிச்சம் தந்தது.

அந்தக் காலத்தில் இது துணிச்சலான காரியம். இவ்வளவு பெரிய சுவருக்கு உத்தரவாதம் தர முடியாது என்று கல்லைச் செய்த கம்பெனியே கை விரித்துவிட்டதாம்! ஆனால் அந்த வீடு இன்றும் நிற்கிறது. “கண்ணாடி வீடு” என்பதுதான் அதன் பெயர்.

ஒரு குறை மட்டும் உண்டு. அந்தக் கற்கள் உள்ளே கெட்டியானவை. கெட்டிக் கண்ணாடி வெளிச்சத்தை விடுவதுபோலவே சூட்டையும் குளிரையும் விட்டுவிடும். பாரிஸ் நகரத்துக் குளிர்காலத்தில் அப்படி ஒரு சுவர் இருந்தால், கணப்பு மூட்டியே கட்டுப்படி ஆகாது.

இதற்கு மருந்து ஒன்று முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்து ஒன்றும் இல்லாத வெறும் காற்றுதான்!

வாயால் ஊதிய செங்கல்

சுவிட்சர்லாந்து நாட்டில் குஸ்தாவ் பால்கோனியே என்ற கட்டிடக் கலைஞர் இருந்தார். பாட்டில் ஊதுவதுபோலவே கண்ணாடிச் செங்கல்லையும் ஊதினால் என்ன என்று அவர் நினைத்தார். பழுக்கக் காய்ந்த கண்ணாடிக் குழம்பை அச்சுக்குள் வைத்து, குழாய் மூலம் வாயால் ஊதுவது. ஊதிய துவாரத்தைச் சூட்டோடு சூடாகக் கண்ணாடியாலேயே அடைத்துவிடுவது. 1886-ல் இதற்கு அவர் உரிமை பெற்றார்.

உள்ளே காற்று அடைபட்ட செங்கல் கிடைத்தது. அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்று லேசில் உஷ்ணத்தைக் கடத்தாது. கண்ணாடி கடத்தும் உஷ்ணத்தில் 40-ல் ஒரு பங்கைத்தான் அது கடத்தும். கம்பளி குளிரைத் தடுப்பதும் இதனால்தான். நூலுக்கு இடையே மாட்டிக்கொண்ட காற்று செய்யும் வேலை அது.

ஆனால் ஒவ்வொரு செங்கல்லையும் ஒரு மனிதன் மூச்சுப் பிடித்து ஊத வேண்டும். ஒரு சுவருக்கு எத்தனை மூச்சு வேண்டும்!

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் வேறு வழி தேடினார்கள். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களை யந்திரத்தால் அழுத்திச் செய்வது. வாயோடு வாய் வைத்துச் சூட்டில் ஒட்டிவிடுவது. கேட்கச் சுலபம். ஒட்டுவதுதான் கஷ்டம். மூட்டில் மயிரிழை வழி இருந்தாலும் ஈரக்காற்று உள்ளே போகும். உள்ளே வியர்க்கும். வெளியே துடைத்தால் போகாது!

ஒட்டப் போனவருக்குக் கிடைத்த புதையல்

டேல் கிளைஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர், 1932-ல், இரண்டு கண்ணாடிக் கற்களைக் காற்றுப் புகாதபடி ஒட்டும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். அப்போது வேகமாகப் பாய்ந்த காற்று தற்செயலாக உருகிய கண்ணாடி மேல் பட்டுவிட்டது. கண்ணாடி சிதறியது. அது துளித் துளியாகச் சிதறவில்லை. பஞ்சுபோல, நூல் நூலாகப் பறந்தது!

கிணறு வெட்டப் போனவனுக்குப் புதையல் கிடைத்த கதைதான். கிளைஸ்டுக்கு மேலே இருந்த கேம்ஸ் ஸ்லேட்டர் என்ற என்ஜினீயர் அந்தப் பஞ்சின் மதிப்பைப் புரிந்துகொண்டார். கண்ணாடி நூலைக் குறைந்த செலவில் செய்யும் வழி பிறந்தது. இன்று படகு முதல் தண்ணீர்த் தொட்டி வரை எத்தனையோ பொருள்களில் சேரும் “பைபர் கிளாஸ்” இப்படித்தான் வளர்ந்தது.

கல்லை ஒட்டும் வேலையும் பிறகு கைகூடியது. சூட்டோடு ஒட்டிய கல் ஆறும்போது, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் குறைந்துவிடும். இப்படிச் செய்த கல்லில் கட்டிய சுவர் வழியாக, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் போகும் உஷ்ணத்தில் ஏறக்குறையப் பாதிதான் போகும். இன்னும் குறைக்க வேண்டுமா? இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே மெல்லிய கண்ணாடி நூல் விரிப்பு ஒன்றை வைத்து ஒட்டினார்கள். கல்லை ஒட்டும்போது பிறந்த பஞ்சு, கல்லுக்குள்ளேயே குடிபுகுந்தது!

தீயின் முன்னே

எரிகிற அரிக்கேன் விளக்கின் சிம்னியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வீட்டுப் பாட்டிக்கும் தெரியும். பட்டென்று வெடித்துவிடும். அப்படியிருக்க, கண்ணாடிச் சுவர் தீயைத் தடுக்கும் என்றால் நம்ப முடிகிறதா?

அமெரிக்காவில் இதைப் பரிசோதிக்கிறார்கள். பெரிய சட்டத்துக்குள் கண்ணாடிக் கல் சுவர் ஒன்றைக் கட்டுகிறார்கள். அதன் ஒரு பக்கத்தில் உலையை மூட்டுகிறார்கள். உலையின் சூடு 850 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டிப் போகிறது. இப்படி 45 நிமிஷம். பிறகு, தீயணைக்கும் படையினர் அடிப்பதுபோலக் குழாயால் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள்.

கற்கள் விரிசல் விடும். ஆனால் தேறிய சுவர் விழுவதில்லை! தீப் பக்கத்துக் கண்ணாடி வெடித்தாலும் மறுபக்கத்துக் கண்ணாடி நிற்கும். சாந்தும், சாந்துக்குள் புதைந்த கம்பியும் அதைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஜன்னல் கண்ணாடி சில நிமிஷங்களில் நொறுங்கி விழுந்து, தீக்கும் புகைக்கும் வழி திறந்துவிடும். கண்ணாடிக் கல் சுவர் முக்கால் மணி நேரம் தாக்குப் பிடிக்கும். கனமான கற்களில் ஒன்றரை மணி நேரம் தாங்குபவையும் உண்டு. மாடியில் இருப்பவர்கள் இறங்கி ஓடுவதற்கு அந்த நேரம் எவ்வளவு பெரிய உதவி!

ஆனால் ஒன்று. தீ தாண்டி வராவிட்டாலும் அனல் வரும். சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. மேலும் அந்தச் சுவரைத் திறக்க முடியாது. ஆபத்தில் ஜன்னல் வழியே குதித்துத் தப்புவதுபோல அதன் வழியே தப்ப முடியாது. திருடன் உள்ளே வருவதற்கு எவ்வளவு கஷ்டமோ, வீட்டார் வெளியே போவதற்கும் அவ்வளவு கஷ்டம்! ஆகவே, ஒரு அறையில் இருக்கும் ஒரே ஜன்னலை அடைத்துவிட்டுக் கண்ணாடிக் கல் வைப்பது புத்திசாலித்தனம் அல்ல.

கொத்தனாருக்குப் புது வேலை

கண்ணாடிக் கல்லைச் செங்கல்போல நினைத்து வேலை செய்தால் வம்பு வரும்.

செங்கல் தண்ணீரைக் குடிக்கும். கண்ணாடி ஒரு சொட்டும் குடிக்காது. சாந்து தண்ணியாக இருந்தால், மேல் வரிசையின் பாரத்தில் கீழ் வரிசைச் சாந்து பிதுங்கி வழிந்துவிடும். கெட்டியாகக் கலக்க வேண்டும். செங்கல்லைக் கரண்டியால் தட்டி அரைக் கல், கால் கல் என்று போடலாம். கண்ணாடிக் கல்லைத் தட்டினால் கல்லே போச்சு! கல்லின் அளவுக்குத் தக்கபடிதான் சுவரில் இடம் விட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பாரம். வழக்கமான கண்ணாடிக் கல் சுவர் தன் பாரத்தைத்தான் தாங்கும். கூரையையோ மாடியையோ தாங்காது. மேலே உத்தரம் போட்டு, அந்தப் பாரம் இரண்டு பக்கத்துச் சுவர்களுக்குப் போகும்படி செய்ய வேண்டும். வெயிலில் கண்ணாடி விரியும். அதற்காக மேலேயும் பக்கங்களிலும் சிறிது இடம் விட்டு, மெத்தென்ற பட்டையை வைப்பார்கள். அந்த இடத்திலும் சாந்தைப் போட்டு இறுக்கிவிட்டால், விரிய இடம் இல்லாமல் கல் வெடிக்கும். வெடித்த பிறகு கல்லைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

தமிழ்நாட்டில் மாடிப்படி ஓரத்தில் இந்தக் கற்களை வைத்துக் கட்டும் வழக்கம் உண்டு. பகலில் விளக்குப் போடாமல் படி ஏறலாம். ஆனால் மேற்குச் சுவரில் வைப்பவர்கள் யோசிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று வெளிச் சூட்டைத் தடுக்கும். நேராக அடிக்கும் வெயிலைத் தடுக்காது. வெயில் வெளிச்சத்தோடு வெளிச்சமாக உள்ளே வந்துவிடும். வடக்குப் பக்கமானால் இந்தத் தொல்லை குறைவு.

பால் ஊற்றி மட்டம் பார்த்தார்கள்!

பூகம்ப பூமியான ஜப்பானிலும் கண்ணாடிக் கல் கட்டிடம் எழுந்தது. டோக்கியோ நகரில் 2001-ல் இத்தாலியக் கட்டிடக் கலைஞர் ரென்ஸோ பியானோ கட்டிய கடை அது. சுமார் 13,000 கற்கள். சுவர் தரையில் ஊன்றி நிற்கவில்லை. ஒவ்வொரு மாடியிலிருந்தும் திரைச்சீலைபோலத் தொங்குகிறது! பூமி ஆடினால் சுவரும் ஆடும். கல்லுக்குக் கல் சிறிது அசைய இடம் விட்டிருக்கிறார்கள்.

ஹாலந்து நாட்டார் வேறொரு துணிச்சல் காட்டினார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கடைத்தெரு. பழைய செங்கல் வீட்டின் முகப்பை, அதே வடிவத்தில், அதே செங்கல் வரிசையோடு, கண்ணாடியில் திரும்பக் கட்டினார்கள்! 2016-ல் வேலை முடிந்தது. இத்தாலியில் வெனிஸ் நகருக்குப் பக்கத்தில் கையால் வார்த்த கெட்டிக் கண்ணாடிச் செங்கற்கள் அவை. உருக்கி வார்த்த செங்கல்லை அவசரமாக ஆற விட்டால் உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும். மணிக்கணக்காக மெல்ல மெல்ல ஆற வைத்தார்கள்.

சாந்து கிடையாது. ஒளி ஊடுருவும் பசையைத் தடவி, புற ஊதாக் கதிரைக் காட்டி இறுக வைத்தார்கள். பசையின் கனம் ஒரு தபால் அட்டையின் கனம்தான். ஆகவே முதல் வரிசையில் மட்டம் கொஞ்சம் தவறினாலும் மேலே எல்லாம் கோணலாகிவிடும். மட்டம் பார்ப்பதற்கு என்ன செய்தார்கள்? பாலை ஊற்றினார்கள்! தண்ணீர் ஊற்றினால் அடியில் இருப்பது தெரியும். பால் வெள்ளையாக நின்று, மேலே படும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அதைக் கொண்டு மட்டம் பார்த்தார்கள். வேலையில் ஒரு வருஷம் தினமும் ஆறு முதல் பத்துப் பேர் ஈடுபட்டார்கள். டெல்ப்ட் பல்கலைக்கழகத்தில் பரிசோதித்தபோது, இந்தக் கண்ணாடிக் கட்டு பல விதங்களில் கான்கிரீட்டைவிடப் பலமாக இருந்தது.

கண்ணாடியும் பாரம் தாங்கும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் இதுவும் கெட்டிக் கல். பாரிஸ் வீட்டின் பழைய குளிர்த் தொல்லை இதற்கும் உண்டு.

இரண்டும் சேர்ந்த செங்கல்

பாரமும் தாங்க வேண்டும். உஷ்ணத்தையும் தடுக்க வேண்டும். முடியுமா?

1931-ல் அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் கிஸ்ட்லர் ஒரு விசித்திரமான பொருளைச் செய்தார். அதற்கு “ஏரோஜெல்” என்று பெயர். புகையைப் பிடித்துக் கட்டியாக்கியதுபோல இருக்கும். கையில் வைத்தால் கனமே தெரியாது. அதில் பெரும்பகுதி காற்று. அந்தக் காற்று, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு அறைகளில் அடைபட்டு நிற்கிறது.

பால்கோனியே பிறந்த அதே சுவிட்சர்லாந்தில், எம்பா ஆராய்ச்சிசாலையில், இந்த ஏரோஜெல் மணிகளைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நிரப்பி ஒரு செங்கல் செய்தார்கள். 2023-ல் அதை வெளியிட்டார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 450 கிலோ பாரத்தை அது தாங்கியது. சாதாரணச் சூளைச் செங்கல் கடத்தும் உஷ்ணத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கைத்தான் கடத்தியது. வெளிச்சமும் உள்ளே வருகிறது. ஆனால் முகம் தெரிவதில்லை.

ஏரோஜெல் விலை உயர்ந்த சரக்கு. இந்தச் செங்கல்லும் அதனால் விலை கூடியதுதான். சாதாரண வீட்டுக்கு அது வருவதற்கு முன்னால், விலை வெகுவாக இறங்க வேண்டும்.